டர்பனில் டிசம்பர் விடுமுறை: வளர்ந்த பிள்ளைகளோடு ஐந்து வாரத்தை ஓட்டுவது எப்படி

இங்கே தென்னாப்பிரிக்காவில் டிசம்பர் இரண்டாம் வாரத்தில் பள்ளிக்கூடம் மூடினால் ஜனவரி நடுவில்தான் திறக்கிறார்கள். 2025-இல் அரசுப் பள்ளிகள் டிசம்பர் 10-ஆம் தேதி மூடி, 2026 ஜனவரி 14-ஆம் தேதி திறந்தன. முழுசாக ஐந்து வாரம். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு மார்கழி என்றால் குளிர். நமக்கு மார்கழி முழுக்க வியர்வை, மாங்காய், லிச்சி, கடற்கரை, ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வந்து இறங்கும் சொந்தபந்தம். சின்னப் பிள்ளைகள் என்றால் தோட்டத்துக் குழாயைத் திறந்துவிட்டாலே பொழுது போய்விடும். 13, 15, 17 வயதுப் பிள்ளைகளிடம் அது செல்லாது. நம்மோடு வரவும் பிடிக்காது, நாம் விட்டுவிட்டுப் போனாலும் பிடிக்காது.

எங்கள் வீட்டில் இரண்டு பேர் அந்த வயதில் இருக்கிறார்கள். நான் சொல்ல வருவது இதுதான்: அவர்களுக்கு வேடிக்கை காட்டுவது நம் வேலை இல்லை. விடுமுறையின் ஒரு பங்கை நிஜமாகவே அவர்கள் பொறுப்பில் விட்டுவிட்டு, குடும்பமாகச் சேர்ந்தால்தான் நடக்கும் என்கிற சில காரியங்களுக்கு மட்டும் நம் சக்தியை வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் ஒரு பெரிய தாள். நவம்பர் கடைசியில், தேர்வு முடிந்த கையோடு, எல்லோரும் உட்கார்ந்து ஐந்து வாரத்தையும் கட்டம் போட்டு வரைந்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். மாற்ற முடியாதவற்றை முதலில் எழுதுங்கள்: டிசம்பர் 16, 25, 26, ஜனவரி 1 ஆகிய பொது விடுமுறைகள், நீங்கள் வேலைக்குப் போகும் நாட்கள், யார் எப்போது வந்து தங்குகிறார்கள், கோயில், கல்யாணம், பல் டாக்டர். அப்புறம் ஒவ்வொரு பிள்ளைக்கும் சில கட்டங்களை எழுதிக் கொடுத்துவிடுங்கள். அந்த நாளில் குடும்பம் என்ன செய்யும், எங்கே சாப்பிடும், எத்தனை மணிக்குக் கிளம்பும் என்பதெல்லாம் அந்தப் பிள்ளையின் தீர்மானம். இவ்வளவு ராண்டுக்குள் முடிக்க வேண்டும் என்று தொகையை முன்பே சொல்லிவிடுங்கள், அதன்பின் குறுக்கே பேசாதீர்கள், அவன் கூட்டிக்கொண்டு போகும் இடம் உங்களுக்குச் சுத்தமாகப் பிடிக்காவிட்டாலும் சரி. மிச்சக் கட்டங்களில் பாதியையாவது வெறுமையாக விடுங்கள். ஒன்றுமே இல்லாத நாள் என்பது இந்த வயதுக்குத் தேவையான ஒன்று. வருஷம் முழுக்க காலை ஐந்தரைக்கு எழுப்பிவிட்ட பிள்ளைகள் அல்லவா.

தூக்கம் பற்றிப் பல வீடுகளில் சண்டை. பருவ வயதில் உடம்பில் தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் இரவில் தாமதமாகத்தான் சுரக்கிறது, அதனால் பத்து மணிக்குப் படு என்றால் கண் மூடாது. அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டிப் பயனில்லை. டிசம்பரில் தாராளமாகத் தூங்க விடுங்கள். காலை பத்து மணிக்கு மேல் யாரும் படுக்கையில் இல்லை என்று ஒரே ஒரு கோடு போதும். பள்ளி திறப்பதற்குப் பத்து நாள் முன்பிருந்து தினம் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் இழுத்து வந்தால், திறக்கிற அன்று அடிதடி இருக்காது.

அடுத்தது வண்டி. டர்பனில் பிள்ளைகள் தனியாகப் போய்வர வசதி குறைவு, ஆகவே கேட்வே, பெவிலியன் என்கிற மால்கள், நண்பன் வீடு, கிரிக்கெட் என்று நாள் முழுக்க நாம்தான் டிரைவர். ஒரு நாளைக்கு ஒரு முறை கொண்டுவிடுவது, ஒரு முறை கூட்டி வருவது என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றதை நண்பர்களின் பெற்றோரோடு முறை போட்டுப் பிரித்துக்கொள்ளலாம், அதையும் பிள்ளைகளே போன் செய்து பேசி முடிக்கட்டும். 17 வயது ஆனவர்கள் காருக்கான லேர்னர்ஸ் தேர்வு எழுதலாம், 18 ஆனால் முழு லைசன்ஸ். 16 ஆனவர்களுக்கு முதல் அடையாள அட்டை இலவசமாகக் கிடைக்கும், அதற்கு ஹோம் அஃபேர்ஸ் (உள்துறை) அலுவலக வரிசையில் உட்கார இந்த ஐந்து வாரத்தை விட்டால் வேறு நேரம் கிடையாது. பிறப்புச் சான்றிதழை முந்தின நாளே எடுத்து வைத்து, காலையில் சீக்கிரம் போய்விடுங்கள்.

சம்பளத்துக்கு வேலை செய்யட்டுமா என்று பலர் கேட்கிறார்கள். இந்த நாட்டுச் சட்டப்படி 15 வயதுக்குக் கீழே யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது. அதற்கு மேல் என்றால், டிசம்பரில் கடைகளுக்குக் கை தேவைப்படும், சித்தப்பா கடையில் இரண்டு வாரம் நிற்கலாம். ஒரே ஒரு நிபந்தனை: சொந்தக்காரர் கடை என்பதற்காகச் சம்பளம் இல்லாமல் விடாதீர்கள். அந்தப் பணத்தை என்ன செய்வது என்பதும் பிள்ளையின் விருப்பம்.

விருந்தாளிகள். லெனேசியாவிலிருந்தும் லௌடியத்திலிருந்தும் பெரியம்மா குடும்பம் வந்தால் முதலில் பறிபோவது பிள்ளையின் அறைதான். "நாளைக்கு அண்ணன் வருகிறான், நீ ஹாலில் படு" என்று கடைசி நிமிஷத்தில் சொல்லாமல் இரண்டு வாரம் முன்பே கேளுங்கள். அறையைக் கொடுக்கிற பிள்ளைக்கு அலமாரியில் ஒரு பூட்டுப் போட்ட தட்டு, குளியலறையில் முதல் முறை என்று ஏதாவது ஒரு சலுகை இருக்கட்டும். பன்னிரண்டு பேர் இருக்கும் வீட்டில் சமையல் ஒருத்தர் தலையில் விழக் கூடாது. பிராய் போடும் நாளில், அதாவது வெளியில் நெருப்பு மூட்டி இறைச்சி சுடும் நாளில், நெருப்பையும் இறைச்சியையும் பெரிய பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள், அவர்களுக்கு அது பிடிக்கும். பீன்ஸ் கறி ஒரு பெரிய பானையில் வைத்துவிட்டால், நாலு ரொட்டி வாங்கிக் குடைந்து, உள்ளே கறியை ஊற்றி, அவர்களே 'பன்னி சௌ' செய்து சாப்பிட்டுக்கொள்வார்கள். மாங்காய் ஊறுகாய் போடும் நாள் ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். நறுக்குவது பையன்கள், மசாலா அளவு சொல்வது ஆயா (பாட்டி).

கடல் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஒவ்வொரு டிசம்பரிலும் நீரில் பிள்ளைகளை இழக்கிற குடும்பங்கள் இருக்கின்றன, நம் வீடுகளில் நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள் குறைவு. குளத்தில் நீந்துகிறவன் கடலிலும் நீந்துவான் என்று நம்பாதீர்கள். சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில், லைஃப்கார்டு பணியில் இருக்கும் நேரத்தில் மட்டும்தான் தண்ணீரில் இறங்கலாம், இதில் வயசுப் பிள்ளை என்று எந்தத் தளர்வும் இல்லை. டர்பன் கடற்கரைக்கு 1952-இலிருந்து சுறா வலை உண்டு, ஆனால் நம் கடற்கரையில் சுறாவை விடப் பெரிய ஆபத்து, கரையிலிருந்து உள்ளே இழுத்துப் போகும் நீரோட்டம். அலை உடையாமல் அமைதியாகத் தெரிகிற பகுதியில்தான் அது பெரும்பாலும் ஓடும், பார்ப்பவர்களுக்கு அதுதான் பத்திரமான இடம்போலத் தோன்றும். அதில் மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. மல்லாந்து மிதக்க வேண்டும், ஒரு கையைத் தூக்கி அசைக்க வேண்டும், இழுப்பு தளர்ந்ததும் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து அப்புறம் அலையோடு உள்ளே வர வேண்டும். இதைக் கடற்கரையில் அல்ல, வீட்டில் சாப்பாட்டு மேஜையில் வைத்து, பிள்ளைகள் திருப்பிச் சொல்லும் வரை சொல்லிக் கொடுங்கள். யாராவது தத்தளித்தால் பின்னால் குதிக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். என்எஸ்ஆர்ஐ கடல்மீட்புக் குழு 2017-இலிருந்து பல கடற்கரைகளில் ரோஜா நிற மிதவைகளைக் கம்பத்தில் தொங்கவிட்டிருக்கிறது, அதை எடுத்து வீசலாம், லைஃப்கார்டைக் கூப்பிடலாம். பெரிய மழைக்குப் பிறகு ப்ளூ லகூன் பக்கம், உம்கேனி ஆறு கலக்கும் இடத்தில் இறங்க வேண்டாம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர்க் குழாய்களும் நிலையங்களும் சேதமானதிலிருந்து தண்ணீர்ப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டுக் கிளம்புவதுதான் நல்லது. புத்தாண்டு அன்று கடற்கரைக்குப் போகவே போகாதீர்கள் என்பேன். ஊரே அங்கேதான் இருக்கும்.

ஒரு நாள் பயணம் வேண்டுமென்றால் மலைப்பக்கம் ஏறுங்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில்தான் 1893 ஜூன் 7 இரவு காந்தியை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஹோவிக், 95 மீட்டர் அருவி. அதற்கு அப்பால் 1962 ஆகஸ்ட் 5-ஆம் தேதி மண்டேலாவைப் பிடித்த இடம். அங்கே நிற்கும் 50 இரும்புத் தூண்கள், சரியான இடத்தில் நின்று பார்த்தால் அவர் முகமாகச் சேரும். பள்ளிப் பாடத்தில் படித்து அலுத்த பிள்ளைகூட அந்த இடத்தைத் தேடி முன்னும் பின்னும் நடக்கும். கிறிஸ்துமஸுக்கு முன்பே போய்விடுங்கள், அப்போது ஜோகன்னஸ்பர்க்கையும் டர்பனையும் இணைக்கும் என்3 சாலையில் கூட்டம் எதிர்ப்பக்கம் டர்பனை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும். ஜனவரி முதல் வாரத்தில் அத்தனை பேரும் திரும்பி ஏறுவார்கள், டோல் அருகே வெயிலில் நிற்க வேண்டி வரும். டிராகன்ஸ்பர்க் மலைத்தொடர் வரை போய் நடப்பதாக இருந்தால் விடியும்போதே தொடங்கி மதியத்துக்குள் இறங்கிவிட வேண்டும். கோடையில் அங்கே பிற்பகல் என்றாலே இடி மின்னல்.

குடும்பமாகச் செய்தால்தான் நடக்கும் என்று சொன்னேனே, அதில் எனக்கு முதலில் நிற்பது இது: ஆயா தாத்தா இருக்கும்போதே குடும்பக் கதையைத் தேடி எடுப்பது. ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து வந்து 1860 நவம்பர் 16-ஆம் தேதி இங்கே கரை சேர்ந்தது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் ஒரு லட்சத்து ஐம்பதாயிரத்துக்கும் மேல். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், அப்பா பெயர், வயது, மாவட்டம், கிராமம், உடம்பில் இருந்த அடையாளம் வரை கப்பல் பட்டியலில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த எண் கிடைத்தால் ஊர் கிடைத்துவிடும். பிள்ளைகளிடம் இதை ஒப்படைத்துப் பாருங்கள், கம்ப்யூட்டரில் தேடுவதில் நம்மை விட அவர்கள் கெட்டிக்காரர்கள்.

செய்ய வேண்டியது இப்படி. முதலில் வீட்டில் இருக்கும் பழைய காகிதங்கள் எல்லாம்: இறப்புச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ், தகரப் பெட்டியில் இருக்கும் எதுவும். பல சான்றிதழ்களில் அந்தக் குடியேற்ற எண் ஒரு மூலையில் இருக்கும். அப்புறம் ஆயாவிடம் உட்கார்ந்து கேட்க வேண்டும், போனில் குரலைப் பதிவு செய்துகொண்டே: எந்தக் கரும்புத் தோட்டம், மவுண்ட் எட்ஜ்கோம்பா, டோங்காட்டா, உம்சிண்டோவா, யார் யாருக்கு அண்ணன் தம்பி. கேள்விகள் ஆவணத்தோடு நின்றுவிட வேண்டாம். சின்ன வயதில் டர்பனின் பழைய இந்தியர் குடியிருப்புகளான மேகசின் பேரக்ஸில் இருந்தவர்கள் உண்டு, கேட்டோ மேனரில் இருந்தவர்கள் உண்டு, 1960-களில் இனவாரியாக வசிப்பிடத்தைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம் அவர்களைச் சாட்ஸ்வொர்த்துக்குத் தூக்கிப் போட்டது. வண்டியில் என்ன ஏற்றினார்கள், எதை விட்டுவிட்டு வந்தார்கள் என்று ஒரு பேரன் கேட்டால் ஆயா மகனிடம் சொல்லாததைக்கூடச் சொல்வார். அவருக்கு வாயில் வருவது பாதி ஆங்கிலம், பாதி தமிழ்; அப்படியே பதிவாகட்டும், திருத்த வேண்டாம். இதையெல்லாம் வைத்துக்கொண்டு டெர்பி தெருவில் இருக்கும் 1860 பாரம்பரிய மையத்துக்கு ஒரு மழை நாளில் போங்கள். பட்டியலில் தேடும்போது ஒரே பெயரை நாலைந்து விதமாக எழுதிப் பார்க்க வேண்டும், எழுதின குமாஸ்தா காதில் விழுந்ததைத்தான் எழுதியிருப்பார். அன்றே கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கிடைக்காவிட்டாலும் அந்தக் குரல் பதிவு உங்களிடம் இருக்கும், அதை இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள்.

போனைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. சாப்பாட்டு மேஜையில் யார் கையிலும் இல்லை, அப்பா அம்மா உட்பட. இரவில் எல்லாப் போனும் ஹாலில் சார்ஜ் ஆகட்டும்.

பார்ட்டி என்று கேட்டால் உடனே இல்லை என்று சொல்லாதீர்கள். யார் வீடு, பெரியவர்கள் யார் இருக்கிறார்கள், எத்தனை மணிக்கு முடிகிறது என்று கேட்டுவிட்டு, அந்த வீட்டு வாசல் வரை போய் பெற்றோரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் வந்து கூட்டிப் போவேன், அன்று இரவு ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன் என்று சொல்லி வையுங்கள், சொன்னபடியே நடங்கள்.

ஜனவரி நடுவாக்கில் மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) முடிவுகள் வரும். உங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும் சொந்தத்தில் யாராவது ஒரு பிள்ளை அதற்காகக் காத்திருக்கும். அந்த வாரம் வீட்டில் மதிப்பெண்ணை ஒப்பிட்டுப் பேச்சே வரக் கூடாது, விருந்தாளிகளிடமும் இதைச் சொல்லிவிடுங்கள். நினைத்தபடி வராதவர்களுக்கு மறுகூட்டல், திரும்ப எழுதுவது என்று வழிகள் உண்டு, கடைசித் தேதியை மட்டும் தவற விடக் கூடாது.

பொங்கலும் பள்ளி திறப்பும் ஒரே வாரத்தில் வந்து விழும், சில வருஷம் ஒரே நாளில். யூனிஃபார்ம், ஷூ, நோட்டு எல்லாவற்றையும் டிசம்பர் தொடக்கத்திலேயே வாங்கிவிடுங்கள்; கால் இன்னும் வளரும் பையன் என்றால் ஷூவை மட்டும் ஜனவரிக்குத் தள்ளிப் போடலாம். பொங்கலை மாலைக்குத் தள்ள வேண்டியதில்லை. ஜனவரி நடுவில் டர்பனில் காலை ஐந்தே காலுக்குள் சூரியன் வந்துவிடும், அடுப்பை ஐந்துக்கே மூட்டினால் ஆறுக்குள் பொங்கிவிடும். முந்தின இரவே அரிசி, வெல்லம், கரும்பு எடுத்து வைத்து, பானைக்கு மஞ்சள் கட்டுவது ஒரு பிள்ளை, பால் ஊற்றுவது இன்னொரு பிள்ளை என்று பிரித்துக் கொடுத்துவிடுங்கள். யூனிஃபார்மைச் சாப்பிட்ட பிறகு போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.