வினவல் புள்ளிவிவர பேட்ச் ஒன்றைச் சோதிக்கும் முறை

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் எந்த வினவல் எத்தனை முறை ஓடியது, எவ்வளவு நேரம் எடுத்தது என்று கணக்கு வைப்பது பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ் என்னும் எக்ஸ்டென்ஷன் (கூடுதல் தொகுதி). அதில் புதிய நெடுவரிசை ஒன்றைச் சேர்க்கும் பேட்ச், அதாவது நிரல் திருத்தம், உங்களிடம் சோதனைக்கு வந்திருப்பதாகக் கொள்வோம். திரையில் ஏதோ ஓர் எண் தெரிகிறது என்பதால் பேட்ச் சரியாகிவிடாது. வர வேண்டிய எண் எது என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொண்டு, அதன் பிறகே வினவலை ஓட்ட வேண்டும்.

மாஸ்டர் கிளையின் (முதன்மை மூலநிரலின்) மீது பேட்சைப் பொருத்தி, அசெர்ஷன்களை (நிரல் ஓடும்போதே தன் அனுமானங்களைச் சரிபார்க்கும் சோதனைகளை) இயக்கிய பில்டாகக் கம்பைல் செய்யுங்கள். கான்ட்ரிப் அடைவில் இந்த எக்ஸ்டென்ஷனுக்கென உள்ள சோதனைகளை மேக் செக் கட்டளை கொண்டு ஓட்டுங்கள். பேட்சை எழுதியவர் எதிர்பார்ப்புக் கோப்புகளையும் (சோதனையில் வர வேண்டிய வெளியீட்டைக் கொண்டவை) சேர்த்தே திருத்தியிருப்பார் என்பதால், சோதனைகள் தேறியதை மட்டும் ஆதாரமாகக் கொள்ளக் கூடாது. அக்கோப்புகளில் மாறிய ஒவ்வொரு வரிக்கும் காரணம் புரிகிறதா என்று பாருங்கள்.

அடுத்து, கையால் செய்யும் சோதனை. ஷேர்ட் பிரீலோட் லைப்ரரீஸ் அமைப்பில் எக்ஸ்டென்ஷனின் பெயரைச் சேர்த்து சர்வரை மறுதொடக்கம் செய்யுங்கள், ரீலோட் போதாது. புள்ளிவிவரங்களை ரீசெட் செய்துவிட்டு, ஒரே வினவலை ஐடி மதிப்பை மட்டும் 1, 2, 3 என்று மாற்றி ஓட்டினால், மாறிலிகள் டாலர் குறியிட்ட இடங்களாக மாற்றப்பட்டு, அழைப்பு எண்ணிக்கை 3 கொண்ட ஒரே வரிசை வர வேண்டும். ரீசெட் செய்த வினவலும் ஒரு வரிசையாகப் பட்டியலில் நிற்கும். அதைப் பிழையென்று எண்ணிவிட வேண்டாம். பிழையில் முடிந்த வினவல் கணக்கில் ஏறாது. ஆனால் வெற்றிகரமாக ஓடிய பின் ரோல்பேக் செய்யப்பட்ட வினவல் ஏறும், ஏனெனில் இந்த எண்கள் பரிவர்த்தனைக்குக் கட்டுப்படாத பகிர்வு நினைவகத்தில் இருக்கின்றன. புதிய நெடுவரிசையும் இதே ஒழுங்கைப் பின்பற்றுகிறதா என்பதே கேள்வி. டிராக் அமைப்பை டாப் (நேரடியாக அனுப்பிய வினவல்கள் மட்டும்), ஆல் (உள்ளே ஓடுபவையும்) என்று மாற்றி, செயற்கூறுக்குள் ஓடும் வினவல்களையும் பாருங்கள்.

ஒரே நேரத்தில் பலர் எழுதும்போதுதான் எண்ணிக்கை தவறும் வாய்ப்பு அதிகம். சுமைச் சோதனைக் கருவியான பிஜிபெஞ்சைத் தேர்ந்தெடுப்பு மட்டும் செய்யும் முறையில் 16 கிளையன்ட்டுகளுடன், ஒவ்வொன்றுக்கும் 10,000 பரிவர்த்தனைகள் என ஓட்டினால், அந்த வினவலின் அழைப்பு எண்ணிக்கை துல்லியமாக 1,60,000 ஆக இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் பகிர்வு நினைவகத்தைக் காக்கும் பூட்டை நிரல் எடுக்கும் இடத்தைத் தேடிப் போங்கள். எத்தனை பதிவுகள் வைக்கலாம் என்று சொல்லும் மேக்ஸ் அமைப்பை அதன் கீழ் வரம்பான 100க்குக் குறைத்து, வடிவத்திலேயே வேறுபட்ட நூற்றுக்கும் மேற்பட்ட வினவல்களை ஓட்டிப் பழைய பதிவுகள் வெளியேற்றப்படுவதையும் சோதியுங்கள். மாறிலிகளை மட்டும் மாற்றினால் அவை ஒரே பதிவாகச் சுருங்கிவிடும்.

பலரும் விட்டுவிடும் இடம் ஒன்று உண்டு. சர்வரை முறையாக நிறுத்தும்போது எண்கள் ஒரு கோப்பில் எழுதப்பட்டு, அடுத்த தொடக்கத்தில் படிக்கப்படுகின்றன. பேட்ச் உள் கட்டமைப்பை மாற்றியும் கோப்பின் வடிவத்தைக் குறிக்கும் தலைப்பு எண்ணை மாற்றாமல் விட்டிருந்தால், பழைய கோப்பைப் புதிய நிரல் தவறாகப் படிக்கும். ஆகவே பேட்ச் இல்லாத பில்டில் சில வினவல்களை ஓட்டி நிறுத்திவிட்டு, அதே தரவு அடைவைப் பேட்ச் உள்ள பில்டில் தொடங்குங்கள். கோப்பைப் புறக்கணித்ததாக லாகில் ஒரு செய்தி வந்தால் சரி. எக்ஸ்டென்ஷனின் முந்தைய பதிப்பை நிறுவிய நிலையில் எண்களைக் காட்டும் வியூ பழையபடி இயங்குகிறதா என்று பார்த்த பின்பே ஆல்டர் எக்ஸ்டென்ஷன் அப்டேட் கட்டளையைத் தாருங்கள்.

வேகத்தை அளக்க அசெர்ஷன் நீக்கிய தனி பில்ட் வேண்டும். மிகக் குறுகிய வினவல்களில்தான் கூடுதல் சுமை வெளிப்படும் என்பதால், பிஜிபெஞ்சைப் பிரிப்பேர்டு முறையில் (வினவலை ஒருமுறை தயாரித்து மீண்டும் மீண்டும் ஓட்டுவது), பேட்ச் உள்ளதையும் இல்லாததையும் மாற்றி மாற்றிப் பலமுறை ஓட்டி இடைநிலை மதிப்பை ஒப்பிடுங்கள். முடிவை எழுதும்போது கமிட் எண், கம்பைல் விருப்பங்கள், மாற்றிய அமைப்புகள் ஆகியவற்றையும் தாருங்கள். இவை இல்லாமல் மற்றவர் அதே சோதனையைத் திரும்பச் செய்து பார்க்க இயலாது.