சிறிய சிஎன்சி மில்லில் டிபி6600 டிரைவர்: இணைப்பும், திசை மாறும்போது நழுவும் அளவும்

மலிவான ஸ்டெப்பர் டிரைவர் (ஸ்டெப் ஸ்டெப்பாகச் சுற்றும் மோட்டாரை ஓட்டும் பெட்டி) என்றாலே ஸ்டெப்பைத் தவறவிடும் என்று ஒரு கெட்ட பெயர் உண்டு. அந்தப் பழியில் ஒரு பங்கு, திசைக் கம்பிக்குப் போதிய நேரம் கொடுக்காத நம் அமைப்பையே சேரும். அதைச் சரிசெய்வதுதான் இந்தப் பதிவின் முக்கியப் பகுதி. ஆர்டுயினோ ஊனோ பலகையில், மில்லை நகர்த்தும் கட்டுப்பாட்டு மென்பொருளான ஜிஆர்பிஎல் 1.1 ஏற்கெனவே ஓடுகிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் டிரைவர் தேர்வு. ஏ4988 போன்ற குட்டிப் பலகைகள் 3டி பிரிண்டருக்குப் பொருந்தும். குளிர்விப்பு இல்லாமல் அவை தாங்குவது சுருளுக்குச் சுமார் 1 ஆம்பியர். மில்களில் வரும் பெரிய அளவான நெமா 23 மோட்டாருக்கு அது பற்றாது. டிபி6600 என்ற பெயரில் வரும் பெட்டியை வாங்குங்கள். பல பெட்டிகளுக்குள் இருப்பது டிபி67எஸ்109 என்ற வேறொரு சில்லு. அசல் டிபி6600இல் மைக்ரோஸ்டெப் (ஒரு முழு ஸ்டெப்பைச் சிறு பகுதிகளாகப் பிரிப்பது) 1/16 வரைதான். சுவிட்சு அட்டவணையில் 32 இருந்தால் உள்ளே இருப்பது அசல் அல்ல என்று ஊகிக்கலாம். அதற்காகக் கவலைப்பட வேண்டாம், அதுவும் நல்ல சில்லுதான்.

படி 1: மின்சாரம். மோட்டாரின் மேல் 3 வோல்ட் என்று எழுதியிருப்பதைப் பார்த்துத் தயங்க வேண்டாம். டிரைவர் மின்னோட்டத்தை நறுக்கி நறுக்கிக் கட்டுப்படுத்துவதால், 24 வோல்ட் கொடுத்தாலும் சுருளில் நீங்கள் அமைத்த ஆம்பியர்தான் ஓடும். வோல்ட் கூடக் கூட, அதிவேகத்திலும் முறுக்குவிசை நிற்கும். பெட்டியில் 42 வோல்ட் வரை என்று இருந்தாலும் நான் 36ஐத் தாண்டுவதில்லை. வேகம் குறையும்போது மோட்டார் திருப்பி அனுப்பும் மின்சாரத்துக்கும் இடம் வேண்டுமே.

படி 2: சுருள்கள். மோட்டாரை எதிலும் இணைக்காமல், நான்கு கம்பிகளில் எந்த இரண்டைச் சேர்த்துப் பிடித்தால் தண்டு கையால் சுற்றக் கடினமாகிறதோ, அவை ஒரே சுருள். ஒரு சுருள் ஏ+ ஏ-, மற்றது பி+ பி-. மின்சாரம் இருக்கும்போது இந்தக் கம்பிகளைக் கழற்றவே கூடாது. டிரைவர் அந்த நொடியே போய்விடலாம்.

படி 3: சுவிட்சுகள். 2.8 ஆம்பியர் மோட்டாருக்கு 2 ஆம்பியரில் தொடங்கி, தேவைப்பட்டால் ஏற்றுங்கள். மைக்ரோஸ்டெப்புக்கு என் தேர்வு 8. சுற்றுக்கு 200 முழு ஸ்டெப் எடுக்கும் மோட்டாரும், சுற்றுக்கு 8 மி.மீ. நகரும் திருகும் என்றால் இது மில்லிமீட்டருக்கு 200 ஸ்டெப். 32 வைத்தால் 800. நிமிடத்துக்கு 3000 மி.மீ. வேகத்தில் நொடிக்கு 40,000 துடிப்பு (பல்ஸ், ஒவ்வொன்றும் ஒரு ஸ்டெப்) வேண்டியிருக்கும். ஊனோவில் ஜிஆர்பிஎல் சுமார் 30,000 வரைதான் தரும்.

படி 4: சமிக்ஞைக் கம்பிகள். பல்ஸ்-, திசை- இரண்டையும் ஆர்டுயினோவின் கிரவுண்டில் சேருங்கள். எக்ஸ், ஒய், இசட் அச்சுகளின் பல்ஸ்+ முறையே 2, 3, 4ஆம் பின்களுக்கு. திசை+ 5, 6, 7க்கு. எனேபிள் முனைகளைக் காலியாக விடுங்கள், டிரைவர் எப்போதும் இயங்கும் நிலையிலேயே இருக்கும். சிலர் எனேபிள்+ முனையை 5 வோல்ட்டிலும் எனேபிள்- முனையை 8ஆம் பின்னிலும் கொடுத்துவிட்டு, ‘ஓடச் சொன்னால் மோட்டார் தளர்ந்துவிடுகிறது’ என்கிறார்கள். அந்த இணைப்பில் பொருள் தலைகீழாகிறது; ஜிஆர்பிஎல் அமைப்பில் $4=1 கொடுத்தால் சரியாகிவிடும்.

படி 5: திசைக்கு நேரம். என்னை அதிகம் அலைக்கழித்தது இதுதான். ஜிஆர்பிஎல் திசைப் பின்னை மாற்றிய கையோடு துடிப்பையும் அனுப்பிவிடுகிறது. மலிவான பெட்டிகளின் உள்ளீட்டில் இருக்கும் ஆப்டோகப்ளர் (சமிக்ஞையை ஒளி வழியே கடத்தும் பாகம்) மெதுவானது; அதிலும் எரிவதைவிட அணைவதற்கு அதிக நேரம் எடுக்கும். அதனால் ஒரு பக்கத் திருப்பத்தில் மட்டும், புதிய திசை உள்ளே போய்ச் சேருமுன் துடிப்பு முந்திக்கொள்ள, முதல் ஸ்டெப் பழைய திசையிலேயே விழுகிறது. பின்னோக்கி ஒன்று வர வேண்டிய இடத்தில் முன்னோக்கி ஒன்று போனால் பிழை இரண்டு ஸ்டெப். மேலே சொன்ன அமைப்பில் அது 0.01 மி.மீ.தான். ஆனால் 100 முறை போய்வந்தால் 1 மி.மீ. குழி குடையும்போது சுவர் சாய்ந்து வருவது இப்படித்தான். இரு பக்கமும் ஒரே அளவு தாமதம் என்றால் பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும். அதனாலேயே ஒரு பெட்டியில் தெரிவது இன்னொன்றில் தெரியாது.

சோதிக்க, கத்தியை எடுத்துவிட்டு அச்சில் டயல் கேஜை (நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் கருவி) வையுங்கள். 1 மி.மீ. முன்னும் பின்னும் 100 முறை ஓட்டுங்கள். பிறகு அதையே பாதி வேகத்தில் செய்யுங்கள். இரண்டிலும் முள் ஒரே அளவு விலகியிருந்தால் நேரக் கோளாறு. வேகத்தைக் குறைத்ததும் விலகல் மறைந்தால், மின்னோட்டத்தையோ முடுக்கத்தையோ பாருங்கள். திருகின் தளர்ச்சியால் வரும் பிழை திரும்பத் திரும்ப ஓட்டினாலும் வளராது.

மருந்து எளிது: $2=7. துடிப்பு தலைகீழாகி, டிரைவர் நகரும் விளிம்பு துடிப்பின் முடிவுக்குத் தள்ளிப்போகும். கூடவே துடிப்பின் நீளத்தை $0=20 என்று வையுங்கள்; திசைக்கு 20 மைக்ரோவினாடி கிடைக்கும். அமைப்புக் கோப்பில் ஸ்டெப் பல்ஸ் டிலே என்ற வரியை இயக்கி மறுபடி ஏற்றுவது இன்னொரு வழி. எனக்கு அந்த வேலையில் விருப்பமில்லை; ஒரு வரிக் கட்டளை போதும்.

பிற்சேர்க்கை: பல்ஸ்+, திசை+ முனைகளை 5 வோல்ட்டில் சேர்த்து, மைனஸ் முனைகளைப் பின்களுக்குக் கொண்டுபோனவர்கள் $2ஐ மாற்ற வேண்டாம். அந்த இணைப்பில் விளிம்பு ஏற்கெனவே துடிப்பின் முடிவில்தான் இருக்கிறது. மாற்றினால், இல்லாத பிழையை வரவழைத்துக்கொள்வீர்கள்.