கலந்துரையாடல் நடத்துகிறவர்கள் விட்டொழிக்க வேண்டிய சில தவறுகள்

சிங்கப்பூரில் தமிழ் வகுப்புகளிலும் சமூக மன்றக் கூட்டங்களிலும் பின்வரிசையில் உட்கார்ந்து கவனிப்பது இப்போது என் வேலையில் ஒரு பகுதி. புதிதாக நடத்த வருகிறவர்கள் நல்ல மனத்தோடுதான் வருகிறார்கள். ஆனாலும் என் தலைமுறை தொடக்கத்தில் செய்த அதே பிழைகள் திரும்பவும் கண்ணில் படுகின்றன. யாரையும் கேலி செய்யாதீர்கள், குரலை உயர்த்தாதீர்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. அது எல்லாருக்கும் தெரியும். நல்லது செய்கிறோம் என்று நம்பிச் செய்யும் தவறுகளைப் பற்றித்தான் இது.

பேசிக்கொண்டிருக்கும்போதே திருத்துவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. உயர்நிலை ஒன்று வகுப்பு அது. முதியோரைப் பற்றிய காணொளியைப் பார்த்துவிட்டுப் பேச வேண்டும். அதுவரை வாயே திறக்காத ஒரு பையன் கையைத் தூக்கினான்.

“டீச்சர், எங்க தாத்தா லாஸ்ட் வீக் ஹாஸ்பிட்டல்ல...”

“போன வாரம். மருத்துவமனை. முழு வாக்கியமாச் சொல்லுப்பா.”

ஆசிரியையின் குரலில் கடுமையே இல்லை. பையன் அந்த இரண்டையும் ஒப்பித்துவிட்டு உட்கார்ந்தான். தாத்தாவுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. அதன்பிறகு, வீட்டில் தமிழ் புழங்கும் மூன்று நான்கு பிள்ளைகள் மட்டும் பேசினார்கள். பாடம் முடிந்ததும் “இன்னைக்கு நல்லாப் பேசினாங்க இல்ல?” என்று ஆசிரியை என்னிடம் கேட்டார்.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்ன சிங்கப்பூர் இந்தியர்கள் 27.3 விழுக்காட்டினர். 2010இல் அது 36.7 ஆக இருந்தது. ஆங்கிலம் என்றவர்கள் 59.2 விழுக்காட்டினர். போதாததற்கு, மலையாள, தெலுங்குக் குடும்பங்களின் பிள்ளைகள் பலரும் தாய்மொழிப் பாடமாகத் தமிழை எடுக்கிறார்கள். இவர்களில் பலருக்குத் தமிழ் பேசக் கிடைக்கும் இடமே வகுப்பறைதான். அங்கேயும் வாயைத் திறந்தவுடன் திருத்தம் விழுந்தால், திருத்தப்பட்டவன் மட்டும் அடங்கிப்போவதில்லை. அவனைப் பார்த்துக்கொண்டிருந்த பத்துப் பேரும் உயர்த்த நினைத்த கையை மேசைக்கடியில் வைத்துக்கொள்கிறார்கள்.

“அப்போ தப்பாவே பேச விட்டுடலாமா?” என்று கேட்பார்கள். விட வேண்டாம். முதலில் அவன் சொன்ன சேதிக்குப் பதில் சொல்லுங்கள்: “அய்யோ, போன வாரமா? எந்த மருத்துவமனையில இருக்காங்க? இப்போ பரவாயில்லையா?” நீங்கள் சொல்லித்தர நினைத்த இரண்டு சொற்களும் அந்தக் கேள்வியிலேயே வந்துவிட்டன. அடுத்த வாக்கியத்தில் அவற்றில் ஒன்றை அவனே எடுத்துக்கொள்வதைப் பல வகுப்புகளில் பார்த்திருக்கிறேன். மற்ற பிழைகளை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டு, கடைசி ஐந்து நிமிடத்தில் யார் சொன்னது என்று காட்டாமல் பலகையில் எழுதுங்கள். வாய்மொழித் தேர்வுக்குத் தயார்ப்படுத்தவும் அது போதும். பேச்சுத்தமிழுக்கு வகுப்பில் உரிய இடம் வேண்டும் என்று கல்வி அமைச்சின் 2005 தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வே சொல்லியிருக்க, ‘இருக்காங்க’ என்ற பிள்ளையை ‘இருக்கிறார்கள்’ என்று சொல்ல வைப்பது எதற்கு?

பெரியவர்கள் கூட்டத்திலும் இதே கதைதான். இளம் தொண்டூழியர் ஒருவர் கணக்கு விவரம் சொல்லும்போது, நடுவில் அவருடைய ழகரத்தைத் திருத்துகிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு அவர் வருவதில்லை. “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை” என்று அதற்குக் காரணமும் சொல்லிவிடுகிறார்கள்.

கேள்வி கேட்டவுடன் பதிலை எதிர்பார்ப்பது

1970களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்கு ஏறத்தாழ ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். மூன்று விநாடி பொறுத்தபோது பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழில் சொல்ல வேண்டிய பிள்ளைக்கு அதுவும் போதாது. ஒரு வரி எழுதச் சொல்லுங்கள், பக்கத்திலிருப்பவரிடம் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு எல்லாருக்கும் முன்னால் கேளுங்கள். 1981இல் அமெரிக்கக் கல்வியாளர் ஃபிராங்க் லைமன் வகுத்த ‘யோசி, இணைந்து பேசு, பகிர்’ (Think-Pair-Share) முறையும் ஏறக்குறைய இதுதான். பெரியவர்கள் கூட்டத்திலும் நன்றாகவே எடுபடுகிறது.

தலைவர் முதலில் கருத்துச் சொல்வது

சமூக மன்றங்களில் இந்தியர்களுக்கான நிகழ்ச்சிகளை நடத்தும் நற்பணிச் செயற்குழுக்களின் கூட்டங்களில் தலைவர் வாய் திறந்துவிட்டால் மீதிப் பேர் சொல்வது “அண்ணன் சொல்றது சரிதான்” என்பதாகவே இருக்கும். மரியாதை காரணமாக வருவது என்பதால் அதைக் குறை சொல்ல முடியாது. அதனால்தான் வரிசையை மாற்ற வேண்டும்: புதியவர்கள் முதலில், தலைவர் கடைசியில். யாரை முதலில் அழைக்கப் போகிறீர்கள் என்பதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். திடீரென்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பயந்துவிடுவார்கள்.

“எல்லாருக்கும் சம்மதம்தானே?”

கேட்காதீர்கள். “இதில் என்ன சிக்கல் வரும்?” என்று கேளுங்கள்.

தீபாவளியை வைத்தே பேச வைப்பது

தமிழ் வகுப்பில் முஸ்லிம் பிள்ளைகளும் கிறிஸ்துவப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். “தீபாவளிக்கு என்ன செய்தீர்கள்?” என்ற கேள்வியில் அவர்களுக்கு இடமில்லை. “உங்கள் வீட்டில் விருந்தாளி வந்தால் என்ன செய்வீர்கள்?” என்றால் எல்லாரிடமும் சொல்ல ஏதாவது இருக்கும்.

வெள்ளிக்கிழமை ஒரு மணிக்குக் கூட்டம்

முஸ்லிம்களின் ஜும்ஆத் தொழுகை நேரம். வேறு நேரம் பாருங்கள்.