நின்றுபோன நாட்குறிப்பை மீண்டும் எழுதத் தொடங்குதல்

நாட்குறிப்பு எழுதுவது சலித்துப்போவதற்குப் பெரும்பாலும் காரணம், நடந்தவற்றை விட்டுவிட்டு மனநிலையை மட்டுமே திரும்பத் திரும்ப எழுதுவதுதான். ஆகவே, விடுபட்ட மாதங்களை நிரப்ப முயலாமல், இன்றைய தேதியிட்டு, கண்ணால் கண்ட ஒன்றையும் காதால் கேட்ட ஒன்றையும் இடம், விலை, பேசியவரின் சொற்கள் ஆகியவற்றோடு எழுதுங்கள். பிரெஞ்சு ஆளுநரிடம் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை புதுச்சேரியில் 1736 முதல் 1761 வரை எழுதிவந்த நாட்குறிப்பு இன்றும் ஆர்வத்தோடு படிக்கப்படுவதற்கு, கப்பல் வரவையும் வணிகத்தையும் ஆளுநரோடு நடந்த பேச்சுகளையும் அவர் விவரமாகப் பதிந்ததே காரணம் என்று உறுதியாக நம்புகிறேன். பழைய பக்கங்களை ஒருமுறை படித்து, இப்போதும் மனத்தைத் தொடும் வரிகளை அடிக்கோடிடுங்கள். அடுத்து எதை எழுதலாம் என்பதை அவையே காட்டும். நாள்தோறும் எழுத இயலாவிட்டால் வாரத்தில் இரண்டு நாள் போதும். குறிப்பேட்டை மட்டும் பேனாவோடு கண்ணில் படும் இடத்தில் வையுங்கள்.