வேலை போனப்ப நான் சமாளிச்ச விதம்

ரிசெஷன்னு சொல்லி டீமையே கலைச்சாங்க, நானும் வெளிய. முதல் ரெண்டு வாரம் வீட்டுல மூச்சு விடாம லேப்டாப் பையை மாட்டிக்கிட்டு கிளம்பி லைப்ரரில உக்காந்துட்டு வந்தேன், இப்ப நினைச்சா கூத்தா இருக்கு. ராத்திரி 3 மணிக்கு முழிப்பு வந்துடும், போன்ல பேங்க் பேலன்ஸ் பாக்குறது, திரும்ப பாக்குறது, என்னமோ பாக்க பாக்க கூடிடுற மாதிரி.

கடைசில மனைவிகிட்ட சொன்னேன். திட்டுவான்னு பாத்தா ஒரு பழைய நோட்டை எடுத்துட்டு வந்து உக்காந்தா. கையில இருக்குறதை மாசச் செலவால வகுத்தா நாலரை மாசம் தாங்கும்னு வந்துச்சு, அந்த நம்பர் தெரிஞ்ச அன்னிக்குதான் ஒழுங்கா தூங்குனேன். அப்புறம் தவணை தவறுறதுக்கு முன்னாடியே லோன் குடுத்தவங்களுக்கு போன் போட்டு நிலைமையைச் சொன்னதுல காலத்தை நீட்டி மாசத் தவணையைக் குறைச்சாங்க, மொத்த வட்டி கூடிச்சுதான், ஆனா மூச்சு விட முடிஞ்சுது. கிரெடிட் கார்டுல மினிமம் மட்டும் கட்டுனா மிச்சத்துக்கு வட்டி ஏறிக்கிட்டே போகும், அதனால கார்டை அந்த நோட்டுக்குள்ளயே வெச்சு மூடிட்டா. ஆட்டோ டெபிட்ல மறந்தே போன ஆறு சப்ஸ்கிரிப்ஷன் வேற மாட்டுச்சு!

வேலை கேக்கத்தான் ரொம்ப கூச்சம். முன்னாடி கூட வேலை பாத்தவர் ஒருத்தருக்கு மெசேஜ் போட்டதுல சின்னதா ஒரு கான்ட்ராக்ட் கிடைச்சுது, சம்பளம் பாதிதான். கார்டு இன்னும் நோட்டுக்குள்ளதான் இருக்கு.