மலை ஊழியத்துக்குப் போகிறவர்களுக்கு

காரையாறு, மயிலாறு பக்கம் காணிப் பழங்குடி மக்களைப் பார்க்கப் போகிறீர்களா? முதலில் வனத்துறை அனுமதி வாங்குங்கள். அந்தப் பகுதி களக்காடு முண்டந்துறைக்குள் வருகிறது; அது 1988 முதல் புலிகள் காப்பகம். பாபநாசம் சோதனைச்சாவடியில் போய் 'கர்த்தர் அனுப்பினார்' என்றால் நடக்காது.

ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். மற்ற மாதங்களிலும் ஓடைத் தண்ணீர் கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் மேலே மழை, இறங்காதீர்கள். “ஜெபம் பண்ணிட்டு இறங்கிருவோம் அண்ணாச்சி” என்று வாலிபர் சங்கத்துத் தம்பிமார் துடிப்பார்கள். கூட வரும் காணிக்காரர் நில் என்றால் நான் நின்றுவிடுவேன். ஆண்டவர் நடத்துதல் பெரும்பாலும் வழி தெரிந்தவர் வாயிலிருந்துதான் வருகிறது.

அட்டைக்கு உப்பு எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், காணிகளின் தலைவரான மூட்டுக்காணியிடம் கேட்காமல் பாட்டை ஆரம்பிக்காதீர்கள். அவர் இன்றைக்கு வேண்டாம் என்றால், சரி என்று கருப்பட்டிக் காப்பியைக் குடித்துவிட்டு இறங்கிவிடுங்கள்.