வெளிநாட்டுப் பயணமா? விசாவோடு குளிசைப் பையையும் பாருங்கள்

அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் யன்னலுக்குப் பின்னால் நின்று வேலை செய்து ஓய்வுபெற்ற மருந்தாளர் நான். இப்போது கோண்டாவில் பக்கம் யாராவது சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ, பிள்ளைகளைப் பார்க்க லண்டனுக்கோ வெளிக்கிட்டால், பாஸ்போட்டையும் குளிசைப் பையையும் கொண்டு வந்து என் மேசையில் வைத்துவிட்டு, "ஒருக்கால் பாருங்கோ" என்பார்கள். விசாவுக்கு ஓடுகிற ஓட்டத்தில் பாதிகூட அந்தக் குளிசைப் பைக்காக யாரும் ஓடுவதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பாஸ்போட். இந்தியாவும் சிங்கப்பூரும் போய் இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது அது செல்லுபடியாக வேண்டும் என்று கேட்கின்றன. நீங்கள் திரும்பி வரும் திகதிக்குப் பிறகும் ஆறு மாதம் மிச்சம் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் எந்த நாட்டிலும் பிரச்சினை வராது. புதுப்பிக்க முன்பு வவுனியாவுக்கோ பத்தரமுல்லைக்கோ போக வேண்டியிருந்தது. 2025 செப்ரெம்பரில் யாழ்ப்பாணக் கச்சேரியிலேயே பாஸ்போட் அலுவலகம் திறந்துவிட்டார்கள், அந்த அலைச்சல் இல்லை. ரிக்கெற் போடும்போது பெயரை வாயால் சொல்லாமல் பாஸ்போட்டின் படப் பக்கத்தைக் காட்டிப் போடச் சொல்லுங்கள். நம் ஆட்களுக்குத் தகப்பன் பெயர் ஒரு கட்டத்திலும் சொந்தப் பெயர் இன்னொரு கட்டத்திலும் இருக்கும். ரிக்கெற்றில் ஒன்று, விசாவில் இன்னொன்று என்று மாறினால் விமான நிலையத்தில்தான் தெரியவரும்.

இந்தியாவுக்கு இலங்கைப் பாஸ்போட்காரர் ஈ-விசா எடுக்கலாம். சுற்றுலாவுக்கு 30 நாள், ஒரு வருடம், ஐந்து வருடம் என்று மூன்று வகை உண்டு. பலாலியிலிருந்து சென்னைக்கும் திருச்சிக்கும் விமானம் வந்த பிறகு வருடத்தில் ஒரு தடவைக்கு மேல் போகிறவர்கள் நம்மில் அதிகம். அவர்களுக்கு ஒரு வருட விசாதான் புத்தி. கப்பலில் காங்கேசன்துறையால் நாகப்பட்டினம் போகிறவர்கள், ஈ-விசாவோடு அந்தத் துறைமுகத்தில் இறங்கலாமா என்பதைக் கப்பல் கம்பனியிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு பணம் கட்டுங்கள். 2025 ஒக்டோபரிலிருந்து இந்தியாவில் இறங்கும் வெளிநாட்டவர், இறங்குவதற்கு முந்திய 72 மணித்தியாலத்துக்குள் ஈ-வருகை அட்டையை இணையத்தில் நிரப்பலாம்.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிங்கப்பூருக்கு விசா தேவையில்லை. ஆனால் இறங்குவதற்கு மூன்று நாளுக்குள் வருகை அட்டை நிரப்ப வேண்டும், சுகாதாரக் கேள்விகளும் அதற்குள்ளேயே வரும். மலேசியாவுக்கு ஈ-விசாவும் வேண்டும், டிஜிட்டல் வருகை அட்டையும் வேண்டும். மாலைதீவு போய் இறங்கும்போது விசா தரும், அதற்கு முன் 96 மணித்தியாலத்துக்குள் இமுகா என்ற இணையப் படிவம் நிரப்பியிருக்க வேண்டும். தாய்லாந்து 2024 ஜூலையில் 60 நாள் விசா விலக்குத் தந்தது. அந்த நாள் கணக்கு மாறக் கூடியது, ஆகவே ரிக்கெற் எடுக்கும் அன்று மறுபடி பாருங்கள். அங்கேயும் 2025 மே மாதத்திலிருந்து இறங்க முன் டிஜிட்டல் அட்டை நிரப்ப வேண்டும். இந்த வருகை அட்டைகள் எல்லாம் இலவசம். கூகுளில் தேடினால் முதலில் வருவது பணம் பிடுங்கும் இடைத்தரகர்களின் பக்கமாக இருக்கும். அட்டைக்குக் காசு கேட்டால் உடனே மூடிவிட்டு அந்த நாட்டு அரசின் பக்கத்தைத் தேடுங்கள். நிரப்பி முடித்தால் கடதாசியில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். வயதானவர்களின் போன் சரியாக வரிசையில் நிற்கும்போதுதான் செத்துப்போகும்.

சரி, இனி என் வேலைக்கு வருகிறேன்.

பெரியாஸ்பத்திரி கிளினிக்கில் மருந்து எடுக்கிறவர்களின் பையைத் திறந்தால் உள்ளே சின்னச் சின்னக் கடதாசி உறைகள் இருக்கும். மேலே "காலை 1, இரவு 1" என்று பேனையால் எழுதியிருக்கும். உள்ளே பெயரில்லாத வெள்ளைக் குளிசைகள். எங்களுக்குக் கண்ணால் பார்த்தாலே இது மெட்போமின், இது லொசார்டன் என்று தெரியும். வேறு நாட்டுச் சுங்க அதிகாரிக்கு அது என்னவென்று தெரியாத குளிசை, அவ்வளவுதான். தெரியாததை அவர் விடமாட்டார், விடக் கூடாது என்றுதான் அவருக்கும் சட்டம். ஆகவே பயணத்துக்கு வேண்டிய அளவு குளிசையைப் பாமசியில் பெயரும் திகதியும் அச்சடித்த அட்டையாகவே வாங்குங்கள். காசு செலவாகும்தான். மற்றச் செலவுகளோடு பார்த்தால் பெரிய தொகையில்லை. குளிசையை அட்டையிலிருந்து பிதுக்கிக் கிழமைப் பெட்டியில் போடும் பழக்கம் உள்ளவர்கள் அதைப் போய்ச் சேர்ந்த பிறகு செய்யுங்கள்.

அதோடு வைத்தியரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்குங்கள். கம்பனிப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும், அதனால் மருந்தின் பொதுப் பெயர், அளவு, ஒரு நாளைக்கு எத்தனை, என்ன வருத்தத்துக்கு, இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். உங்கள் பெயர் பாஸ்போட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கங்களைப் போனில் படம் எடுத்து வைத்தால் அங்கே டொக்டரிடம் போக நேர்ந்தாலும் உதவும்.

இப்போது சொல்வதை இரண்டு தரம் வாசியுங்கள். சலரோகத்தால் கால் எரிவு என்று பிரிகாபலின் எடுக்கிறவர்கள், முதுகுவலிக்கு ட்ரமடோல் எடுக்கிறவர்கள், நித்திரைக்கு டயசெபாம் அல்லது குளோனசெபாம் எடுக்கிறவர்கள், கொடீன் கலந்த வலிக்குளிசை எடுக்கிறவர்கள், நீங்கள் எல்லாரும் தனிக் கூட்டம். ஐக்கிய அரபு அமீரகத்தில் இவை கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். முன்கூட்டியே அந்த நாட்டு அரசின் இணையப் பக்கத்தில் அனுமதி எடுக்க வேண்டும். சிங்கப்பூரிலும் முன் அனுமதி கேட்கும் மருந்துப் பட்டியல் உண்டு, மற்ற மருந்துகளையும் மூன்று மாதத் தேவைக்கு மேல் கொண்டுபோகாதீர்கள். லண்டன் போகும் வழியில் துபாயில் இறங்கி இரண்டு நாள் ஊர் பார்க்கலாம் என்று பிள்ளைகள் ரிக்கெற் போட்டுவிடுவார்கள். அம்மாவின் பையில் பிரிகாபலின் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. போக முன் அவர்களிடம் சொல்லுங்கள். பெயரில்லாத சூரணப் பொட்டலமும் லேகியமும் வீட்டிலேயே இருக்கட்டும். பக்கத்து வீட்டாரின் மகனுக்கென்று தரும் மருந்தை, எவ்வளவு நெருக்கமான ஆட்களாக இருந்தாலும், வாங்காதீர்கள்.

இன்சுலின் பெரிய சூட்கேசுக்குள் போகக் கூடாது. விமானத்தின் அடியில் குளிர் கூடி உறைந்தால் அது பிறகு வேலை செய்யாது, பார்த்தால் வித்தியாசமும் தெரியாமல் இருக்கலாம். கைப்பையில் வையுங்கள். 100 மில்லிலீற்றர் திரவக் கட்டுப்பாடு மருந்துக்கு விலக்கு, கடிதத்தைக் காட்டினால் போதும். ஐஸ் கட்டியோடு நேரே ஒட்டி வைக்காதீர்கள், துணியில் சுற்றி வையுங்கள். எல்லாக் குளிசையும் இரண்டு நாள் மேலதிகமாகவாவது கைப்பையிலேயே இருக்கட்டும். தொய்வுக்காரர் பம்பைச் சட்டைப் பையில் வைத்திருங்கள். ஜீவனிப் பைக்கற் நாலைந்து, பனடோல் ஒரு அட்டை, இவ்வளவும் எல்லாருக்கும்.

ஊசிகளில், இல்லாவிட்டால் திருப்பி அனுப்பவோ மறித்து வைக்கவோ கூடியது முக்கியமாக மஞ்சள் காய்ச்சல் ஊசி. அது கென்யா, உகண்டா போன்ற ஆபிரிக்க நாடுகளுக்கோ தென்னமெரிக்காவுக்கோ போகிறவர்களுக்கு. கொழும்பு பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் போடுவார்கள். போட்டுப் பத்து நாள் கழித்தே சான்றிதழ் செல்லுபடியாகும், பிறகு ஆயுள் முழுவதற்கும் போதும். மக்காவுக்குப் போகிறவர்களுக்கு மூளைக்காய்ச்சல் ஊசி கட்டாயம். இந்தியாவுக்குப் போகும் நமக்குக் கட்டாய ஊசி இல்லை. ஆனால் வெளிச்சாப்பாடு சாப்பிட்டுக் கோயில் கோயிலாகச் சுற்றப் போகிறவர்கள் தைபோயிட் ஊசி பற்றி வைத்தியரிடம் கேளுங்கள், அது நம் வழமையான ஊசி அட்டவணையில் இல்லை.

ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவ இன்சூரன்ஸ் வேண்டும். கனடாவில் பேரப்பிள்ளைகளோடு நீண்ட நாள் நிற்க சூப்பர் விசா எடுக்கிறவர்களுக்கு 100,000 கனேடிய டொலர் இன்சூரன்சும் மருத்துவப் பரிசோதனையும் கேட்பார்கள். படிவத்தில் "ஏற்கெனவே வருத்தம் உண்டா" என்ற இடத்தில் சலரோகம், பிறஷர், இருதயத்துக்கு ஸ்டென்ற் வைத்தது எல்லாவற்றையும் எழுதுங்கள். கட்டணம் கூடும் என்று மறைத்தால், அங்கே ஆஸ்பத்திரியில் படுக்கும்போது கம்பனி காசு கட்டாது. பிள்ளைகள்தான் கடன்படுவார்கள்.

பொதி கட்டும்போது ஒரு சொல். பிரான்ஸ், ஜேர்மனிப் பக்கம் இறைச்சியும் நெய் உட்பட்ட பால் பொருட்களும் கொண்டுபோக முடியாது. சான்றிதழ் இல்லாமல் விடும் பழங்கள் அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சை, துரியன் மட்டும். ஆகவே கறுத்தக்கொழும்பான் போகாது, கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் போகாது. குடல் எடுத்துக் காய வைத்த கருவாடு போகும். வறுத்து அரைத்த மிளகாய்த்தூளை நன்றாக ஒட்டிய பைக்கற்றில் கொண்டுபோங்கள். சிங்கப்பூருக்கு வாய்ப் புகையிலை கொண்டுபோவது குற்றம். வெற்றிலை போடும் ஆச்சிமார் கொட்டைப்பெட்டியை உதறிப் பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

கடைசியாக மலேரியா. இலங்கையில் உள்ளூரிலேயே பரவிக்கொண்டிருந்த மலேரியாவில் கடைசி நோயாளியைக் கண்டது 2012 ஒக்டோபரில். 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஒழிந்தது என்று சான்று தந்தது. அதன் பிறகுதான், இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் நுளம்பு வகை மன்னாரிலும் பிறகு யாழ்ப்பாணத்திலும் இருப்பதைக் கண்டார்கள். அது நம் கிணறுகளிலும் தண்ணீர்த் தொட்டிகளிலும் பெருகும். நுளம்பு இங்கே இருக்கிறது, கிருமி இல்லை. அந்தக் கிருமியை உடம்பில் கொண்டுவரக் கூடியவர்கள் போய் வருகிறவர்கள்தான். இந்தியாவின் காட்டுப் பகுதிகளுக்கோ ஆபிரிக்காவுக்கோ போவதென்றால் முன்கூட்டியே சுகாதார அமைச்சின் மலேரியாத் தடை இயக்கத்திடம் போங்கள். தேவையென்றால் தடுப்புக் குளிசையை இலவசமாகத் தருவார்கள். சிலதைப் போக முன்பே தொடங்கி, வந்த பிறகும் சில கிழமை விடாமல் எடுக்க வேண்டும்.

திரும்பி வந்து காய்ச்சல் வந்தால் டெங்கு என்று நீங்களே முடிவெடுத்துப் பனடோலோடு படுத்துக் கிடக்காதீர்கள். நவம்பர், டிசம்பரில் இங்கே டெங்கு கூடும் காலம், டொக்டரும் அதைத்தான் முதலில் யோசிப்பார். ஓபிடியில் உட்கார்ந்ததும் முதல் பேச்சாக, எந்த நாட்டுக்குப் போனேன், எப்போது வந்தேன் என்று சொல்லி, மலேரியாவுக்கும் இரத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வந்து பல மாதம் கழிந்திருந்தாலும் சொல்லுங்கள். ஈரலில் ஒளிந்திருந்து பிந்தி வரும் மலேரியா வகையும் உண்டு.